இயக்கம் செலுத்தும் வரி

தரையில் உருட்டிவிட்ட பந்து சிறிது தூரம் ஓடி நின்றுவிடுகிறது. மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிளும் வேகம் தளர்ந்து நிற்கிறது. மாடுகள் இழுப்பதை விட்டால் வண்டி நகர்வதில்லை. இவற்றை நாள்தோறும் கண்ட மனிதன், தள்ளுவார் இல்லையேல் எப்பொருளும் நின்றுவிடும், நிற்பதே பொருளின் இயல்பு என்று முடிவு கட்டியதில் வியப்பில்லை. கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டிலும் அவ்வாறே கருதினார். நெடுங்காலம் உலகம் அக்கருத்தையே போற்றி வந்தது. பதினேழாம் நூற்றாண்டில் இத்தாலியரான கலிலியோ அதனை ஐயுற்றார். பலகை வழவழப்பாக ஆக, அதன்மேல் உருளும் குண்டு மேலும் மேலும் தொலைவு செல்கிறது. ஆதலின் தடையே இல்லாத பலகை ஒன்று கிடைத்தால் குண்டு நில்லாமலே ஓடிக்கொண்டிருக்கும் என்று அவர் துணிந்தார். 1687-ஆம் ஆண்டில் நியூட்டன் அதையே தம் இயக்க விதிகளுள் முதலாவதாக வைத்தார். ஆகவே, ஓடும் பொருள் ஏன் ஓடுகிறது என்று நாம் வியக்க வேண்டியதில்லை. ஓடும் பொருள் ஏன் நிற்கிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வியாகும்.

அக்கேள்விக்கு விடை இரண்டு: ஒன்று உராய்வு, மற்றொன்று காற்றின் தடை. அரசாங்க ஏடுகளை ஒரு மொழியினின்று மற்றொரு மொழிக்குக் கொண்டுவருவதே நம் தொழில். கல்லூரியில் நாம் பயின்றதும் கலைப் பாடமே. எனினும் சொற்களோடு பழகியவர்களுக்கு இப்பொருளின் வாயில் எளிதில் திறக்கிறது. பொன்னை உரைகல்லில் உரைக்கிறோம். சந்தனக் கட்டையைக் கல்லில் இழைக்கிறோம். தீக்குச்சியைப் பெட்டியின் ஓரத்தில் கிழிக்கிறோம். முதலாவதில் பொன்னின் துகள் கல்லில் ஒட்டுகிறது. இரண்டாவதில் கட்டை தேய்கிறது. மூன்றாவதில் வெப்பம் பிறந்து நெருப்பே மூளுகிறது. ஒட்டுதல், தேய்தல், சூடாதல் ஆகிய மூன்றும் உராய்வின் மூன்று முகங்கள். விஞ்ஞானி தன் கருவிகளைக் கொண்டு காண்பவையும் இம்மூன்றே.

கண்ணாடிபோல் மெருகேற்றிய இரும்புத் தகடும் உண்மையில் சமதளமன்று. நுண்ணோக்கியால் பார்த்தால் அதில் மேடும் பள்ளமும் நிறைந்திருக்கும். ஒரு மலைத்தொடரைத் தலைகீழாகத் திருப்பி மற்றொரு மலைத்தொடரின்மேல் வைத்தாற்போல, இரு தகடுகளும் தம் சிகரங்களில் மட்டுமே ஒன்றையொன்று தொடுகின்றன. தொடும் இடங்கள் மிகச் சிறியனவாதலால் அங்கு அழுத்தம் மிகுகிறது. உலோகம் உலோகத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய அவ்விடங்களை அறுத்து நகர்த்துவதற்கு வேண்டிய விசையே பெரும்பாலும் உராய்வாக வெளிப்படுகிறது. சுமை கூடினால் உண்மையில் தொடும் பரப்பும் கூடுகிறது. சுமை இருமடங்கானால் உராய்வும் இருமடங்காகும் என்று பிரெஞ்சு நாட்டு அமான்டன் 1699-ஆம் ஆண்டிலேயே கண்டதன் காரணம் இதுவே. நிற்கும் பொருளைப் புறப்படச் செய்வதற்கு, புறப்பட்டதை ஓட வைப்பதைவிட அதிக விசை வேண்டும் என்பதும் இதனோடு சேர்ந்த உண்மை. சேற்றில் நின்ற வண்டியைத் தோள் கொடுத்துத் தள்ளியவர்கள் இதை நன்கு அறிவார்கள்.

நம் முன்னோர் இவற்றை நூலில் கற்காவிடினும் தொழிலில் கற்றிருந்தனர். வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து வண்டி மையாக்கி அச்சில் தடவினர். எண்ணெய், இரு பரப்புகளும் நேரே தொடாதபடி இடையில் ஒரு மெல்லிய படலமாக நிற்கிறது. திடப்பொருள் திடப்பொருளோடு உராய்வதற்குப் பதில், எண்ணெயின் ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. மாடுகளின் உழைப்பில் ஒரு பகுதி இதனால் மிஞ்சியது. இன்று பெங்களூரின் தொழிற்சாலைகளில் ஓடும் இயந்திரங்களின் எஃகுக் குண்டுத் தாங்கிகளும் இவ்வேலையையே செம்மையாகச் செய்கின்றன.

உராய்வைக் குறைத்த அவர்களே வேண்டிய இடத்தில் அதைக் கூட்டவும் அறிந்திருந்தனர். கோயில் தேர் ஓடும்போது அதை நிறுத்துவதும் திருப்புவதும் சக்கரத்தடியில் இடும் முட்டுக்கட்டையே. பல டன் எடையுள்ள தேர், கையளவு மரக்கட்டைக்குக் கட்டுப்படுகிறது. அக்கட்டை தேய்கிறது, சூடாகிறது, புகைவதும் உண்டு. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பாரத மிகுமின் நிறுவனத்தார் இரும்புச் சக்கரங்களையும் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் தடைகளையும் அமைத்துக் கொடுத்துள்ளனர். முறை புதிதாயினும் தத்துவம் பழையதே. தேரின் ஓட்டத்தை வாங்கிக்கொண்டு வெப்பமாக வெளியிடுவதே இரண்டின் தொழிலும்.

இங்கேதான் சக்தியின் கணக்கு தொடங்குகிறது. 1798-ஆம் ஆண்டில் ரம்போர்டு பிரபு என்பவர் ஜெர்மனியின் மியூனிக் நகரில் பீரங்கிக் குழாய்களைத் துளையிடும் வேலையை மேற்பார்வையிட்டார். மழுங்கிய துளைக்கருவியைக் குதிரைகள் சுழற்ற, அதைச் சூழ்ந்திருந்த நீர் நெருப்பின்றியே கொதித்ததைக் கண்டார். குதிரைகள் உழைக்கும் வரை வெப்பம் வந்துகொண்டே இருந்தது. எனவே வெப்பம் என்பது உலோகத்தினுள் ஒளிந்திருந்த ஒரு பொருளன்று, உழைப்பின் மறுவடிவமே என்று அவர் எடுத்துரைத்தார். அடுத்த நூற்றாண்டில் ஜூல் என்ற ஆங்கிலேயர் எவ்வளவு உழைப்பு எவ்வளவு வெப்பமாகும் என்பதைத் துல்லியமாக அளந்தார். சக்தியின் அளவு இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. உராய்வு சக்தியை அழிப்பதில்லை. பயனுள்ள ஓர் உருவிலிருந்து, மீட்டுப் பயன்படுத்த இயலாத வேறோர் உருவுக்கு அதை மாற்றிவிடுகிறது. இயங்கும் பொருள் யாவும் இவ்வாறு ஒரு வரி செலுத்துகின்றன. அவ்வரி பெரும்பாலும் வெப்பமாகவே வசூலிக்கப்படுகிறது.

வரியின் அளவு எவ்வளவு என்று பார்ப்போம். பயணிகளோடு 10 டன் எடையுள்ள ஒரு நகரப் பேருந்து மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று கொள்வோம். அதன் இயக்க சக்தி 5 லட்சம் ஜூல். நிறுத்தத்தில் அது நிற்கும்போது இச்சக்தி ஏறக்குறைய முழுவதும் தடைகளில் வெப்பமாகிறது. அவ்வெப்பத்தைத் திரட்ட முடியுமானால், சுமார் ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரலாம். ஒவ்வொரு நிறுத்தத்திலும், ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும், ஒரு சிறு குடும்பத்தின் காலைக் காப்பிக்கு வேண்டிய வெந்நீர் காற்றில் கலக்கிறது என்று சொல்லலாம். மீண்டும் புறப்படும்போது அந்த 5 லட்சம் ஜூலையும் டீசலே தரவேண்டும். நெரிசல் மிகுந்த பெங்களூர்ச் சாலைகளில் எண்ணெய் எங்கே போகிறது என்று கேட்பவருக்கு விடையின் ஒரு பகுதி இதுவாகும்.

வேகம் இருமடங்கானால் இயக்க சக்தி நான்கு மடங்காகிறது. இதுவே சாலையில் செல்வோர் மறக்கலாகாத விதி. உலர்ந்த தாரில் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மோட்டார் வண்டி, தடையை அழுத்திய பின் சுமார் 7 மீட்டரில் நிற்கும் என்று வைத்துக்கொள்வோம். 72 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அதற்குச் சுமார் 29 மீட்டர் வேண்டும். நனைந்த சாலையில் டயருக்கும் தாருக்கும் இடையே உள்ள பிடிப்பு ஏறக்குறைய பாதியாகலாம். அப்போது அதே வண்டிக்குச் சுமார் 58 மீட்டர் வேண்டியிருக்கும். நெடுநாள் வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழை இன்னும் கொடியது. சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் நீரோடு குழைந்து ஒரு வழுக்குப் படலமாகின்றன. வண்டி மை அச்சுக்குச் செய்த உதவியை இப்படலம் சாலைக்குச் செய்கிறது. அங்கே உதவியாக இருந்தது இங்கே ஆபத்தாகிறது.

இன்னும் கடுமையான கணக்கு ஒன்று உண்டு. பெங்களூர் கடல்மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 920 மீட்டர் உயரத்தில் உள்ள பீடபூமி நகரம். இங்கிருந்து சேலம் செல்லும் பெருவழி சமவெளியை நோக்கி இறங்குகிறது. தருமபுரிக்கும் சேலத்திற்கும் இடையே தொப்பூர்க் கணவாயில் அவ்விறக்கம் கடுமையானது. அங்கு நேர்ந்த லாரி விபத்துகள் பல. பாரத்தோடு 25 டன் எடையுள்ள லாரி 100 மீட்டர் உயரம் கீழே இறங்கினால், சுமார் இரண்டரைக் கோடி ஜூல் சக்தி வெளிப்படுகிறது. அது ஏறத்தாழ 78 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. இதை ஏதேனும் ஒன்று ஏற்றுக்கொண்டாக வேண்டும். தடைகள் மட்டுமே ஏற்றால் அவை பழுக்கக் காய்கின்றன. காய்ந்த தடையின் பிடிப்பு குன்றுகிறது. மிதியை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்பதில்லை.

டீசலை மிச்சப்படுத்துவதாக எண்ணிச் சில ஓட்டுநர்கள் இறக்கத்தில் கியரை நியூட்ரலில் விட்டுவிடுகின்றனர். இது இருவகையிலும் நட்டமே. கியரில் இருக்கும்போது சக்கரங்களே இயந்திரத்தைச் சுழற்ற வேண்டியிருக்கிறது. இயந்திரத்தினுள் நிகழும் உராய்வும், காற்றை உள்ளிழுத்து வெளித்தள்ளும் வேலையும், இறக்கத்தில் பிறக்கும் சக்தியில் கணிசமான பங்கைத் தாமே ஏற்றுக்கொள்கின்றன. முடுக்கியினின்று காலை எடுத்துவிட்டால் அந்நிலையில் இயந்திரத்திற்கு டீசல் ஏறக்குறைய செல்வதே இல்லை. நியூட்ரலில் விட்டாலோ, இயந்திரம் அணையாதிருக்கச் சிறிது டீசல் எரிந்துகொண்டே இருக்கும். வெப்பச் சுமை முழுவதும் தடைகளின் தலையில் விழும். சேமித்ததாக எண்ணியது சேமிப்பும் அன்று. அதற்காகப் பணயம் வைத்தது ஓட்டுநரின் உயிரும் எதிரே வருவோரின் உயிருமாகும். ஏறிய கியரிலேயே இறங்குக என்று மூத்த ஓட்டுநர்கள் கூறும் அறிவுரை பௌதிகத்தின் சாரம்.

இனிக் காற்றின் தடையைக் காண்போம். காற்று கண்ணுக்குத் தெரியாவிடினும் எடையுள்ள பொருள். கடல்மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ளது. ஓடும் வண்டி அக்காற்றை ஒதுக்கித் தள்ளிக்கொண்டே செல்ல வேண்டும். வேகம் இருமடங்கானால், ஒரு நொடியில் எதிர்ப்படும் காற்றும் இருமடங்கு; அதைத் தள்ளும் வேகமும் இருமடங்கு. ஆகவே தடை நான்கு மடங்காகிறது. திடப்பொருள்களின் உராய்வு வேகத்தால் அதிகம் மாறுவதில்லை. காற்றின் தடையோ வேகத்தின் வர்க்கத்தைப் பின்பற்றி ஏறுகிறது. சைக்கிளில் மெல்லச் செல்பவர் காற்றைப் பொருட்படுத்துவதில்லை. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவரின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே செலவாகிறது. பெருவழியில் 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மோட்டார் வண்டி, அதே தூரத்தை 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதைவிடக் காற்றுக்கு மட்டும் நான்கு மடங்கு சக்தியைக் கொடுக்கிறது.

எனினும் காற்றின் தடை இல்லையேல் நாம் மழையில் நனைய முடியாது; அடிபட்டு மாள வேண்டியதுதான். ஆயிரம் மீட்டர் உயரத்து மேகத்திலிருந்து விழும் துளி, தடையின்றி விழுந்தால், தரையைத் தொடும்போது மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தை அடைந்திருக்கும். உண்மையில் பெரிய துளியும் நொடிக்குச் சுமார் 9 மீட்டர் வேகத்திலேயே விழுகிறது. வேகம் கூடக் கூடத் தடையும் கூடி, ஒரு நிலையில் துளியின் எடைக்குச் சமமாகிவிடுகிறது. அதற்குமேல் வேகம் ஏறுவதில்லை. துளி கொண்டுவந்திருக்கக்கூடிய சக்தியில் 200 பங்கில் ஒரு பங்குகூடத் தரையை எட்டுவதில்லை. மற்ற அனைத்தையும் காற்று வழியிலேயே வாங்கிக்கொள்கிறது. பெங்களூரின் மாலை மழையில் குழந்தைகள் கைநீட்டி விளையாடுவது இவ்வரியின் பயனால்தான்.

இத்தடையை அளந்தறிவதில் பெங்களூருக்குத் தனிச் சிறப்பு உண்டு. காற்று ஒரு பரப்பின்மேல் ஓடும்போது, பரப்பை ஒட்டிய காற்று அதனோடு ஒட்டி நின்றுவிடுகிறது என்றும், அதையடுத்த மெல்லிய ஏட்டில் வேகம் படிப்படியாக ஏறுகிறது என்றும் 1904-ஆம் ஆண்டில் ஜெர்மானியரான பிராண்டில் எடுத்துக்காட்டினார். அவ்வேட்டில் நிகழும் உராய்வை நேரே அளப்பது அரிய செயல். அமெரிக்காவின் கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த சதீஷ் தவான் அதனைச் செய்தார். தட்டின் ஒரு சிறு துண்டைத் தனியே பிரித்து, அசையக்கூடியதாக மிதக்கவிட்டு, காற்று அதை இழுக்கும் விசையை நேரடியாக அளந்தார். 1951-ஆம் ஆண்டில் டாக்டர் பட்டம் பெற்று, அவ்வாண்டிலேயே பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சேர்ந்தார். அங்கு ஒலியின் வேகத்தை விஞ்சும் காற்றோட்டத்தை உண்டாக்கும் காற்றுச் சுரங்கத்தை அமைத்தார். அவரும் அவருடைய மாணவர் ரொத்தம் நரசிம்மாவும், அவ்வேட்டில் அமைதியான ஓட்டம் கொந்தளிப்பாக மாறும் விதத்தைப் பற்றி 1958-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி உலகெங்கும் மதிக்கப்படுகிறது. அமைதியான ஓட்டத்தில் உராய்வு குறைவு, கொந்தளிப்பில் மிகுதி. எங்கே மாறுகிறது என்று அறிந்தாலன்றி விமானத்திற்கு வேண்டிய எரிபொருளைக் கணக்கிட இயலாது.

1959-ஆம் ஆண்டில் டில்லியில் தொடங்கப்பட்ட தேசிய விமானவியல் ஆய்வுக்கூடம் அடுத்த ஆண்டே பெங்களூருக்கு வந்தது. 1967-ஆம் ஆண்டில் அங்கு 1.2 மீட்டர் அகலமுள்ள பெரிய காற்றுச் சுரங்கம் இயங்கத் தொடங்கியது. விமானம் நின்றிருக்கக் காற்று ஓடினாலும், காற்று நின்றிருக்க விமானம் ஓடினாலும் தடை ஒன்றே என்பதே இச்சுரங்கத்தின் அடிப்படை. நம் நாட்டு ஏவூர்திகள், விமானங்கள் பலவற்றின் மாதிரி வடிவங்கள் வானத்தைக் காணும் முன் இந்நகரின் காற்றையே முதலில் எதிர்கொண்டன.

பெங்களூர் பீன்யாவின் தொழிற்கூடங்களில் உருவான ஆரியபட்டா செயற்கைக்கோள் 1975 ஏப்ரல் 19 அன்று சோவியத் நாட்டிலிருந்து ஏவப்பட்டது. அதன் எடை 360 கிலோ. சுற்றிய உயரம் ஏறத்தாழ 600 கிலோமீட்டர். அவ்வுயரத்தில் காற்று என்பது பெயரளவுக்கே உண்டு. ஆயினும் அந்த மெல்லிய காற்று தன் வரியை விடாமல் வசூலித்தது. கோள் சிறிது சிறிதாகத் தாழ்ந்து, 1992-ஆம் ஆண்டில் அடர்ந்த வாயுமண்டலத்தில் புகுந்து மறைந்தது. இதில் ஓர் அதிசயம் உண்டு. தடைப்பட்ட பந்து மெதுவாகிறது. தடைப்பட்ட செயற்கைக்கோளோ விரைவாகிறது. தாழ்வதனால் கோள் இழக்கும் நிலைச் சக்தியில் ஏறக்குறையப் பாதி வெப்பமாகப் போக, மற்றப் பாதி வேகமாக வந்து சேர்கிறது. உயரத்தை விற்று வரியைக் கட்டி, மீதியை வேகமாகப் பெறுகிறது என்க. மொத்தக் கையிருப்பு குறைந்துதான் வருகிறது.

சுற்றுப்பாதையில் நொடிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஒவ்வொரு கிலோப் பொருளிலும், 12 கிலோத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கும் அளவு சக்தி உண்டு. அதைச் சுமந்துகொண்டு பூமிக்குத் திரும்புவது எவ்வாறு? 2007 ஜனவரி 10 அன்று விண்ணுக்குச் சென்ற 550 கிலோ எடையுள்ள இந்தியக் கலம் ஒன்று, ஜனவரி 22 அன்று வங்கக் கடலில் பத்திரமாக இறங்கியது. வெப்பத்தைத் தாங்கும் சிலிகா ஓடுகள் அதன் உடலைப் போர்த்தியிருந்தன. இயந்திரத்தை மூட்டிச் சுற்றுப்பாதையினின்று விலகிய பின், வேகத்தின் பெரும்பகுதியைக் குறைத்தது காற்றேயாகும். இறுதியில் பாராசூட் விரிந்து கலத்தைக் காத்தது. பாதையைக் கெடுத்து ஒரு கோளை வீழ்த்திய அதே காற்று, மற்றொன்றைக் கைதாங்கி இறக்கிற்று.

ஆகவே உராய்வையும் காற்றின் தடையையும் பகையென்றே ஒதுக்க இயலாது. உராய்வில்லையேல் நாம் நடக்க முடியாது, முடிச்சு நிற்காது, ஆணி சுவரில் தங்காது, பேனா காகிதத்தில் எழுதாது. வேண்டாத இடத்தில் குறைப்பதும், வேண்டிய இடத்தில் காப்பதும், செலுத்திய வரியில் மீட்கக்கூடியதை மீட்பதுமே அறிவுடைமை. 2011 அக்டோபர் 20 அன்று பெங்களூரில் ஓடத் தொடங்கிய நம்ம மெட்ரோ ரயில், நிற்கும்போது தன் மோட்டார்களையே மின்னாக்கிகளாக மாற்றி, இயக்க சக்தியில் ஒரு பங்கை மின்சாரமாகத் திருப்பித் தருகிறது. எஃகுத் தண்டவாளத்தின்மேல் எஃகுச் சக்கரம் உருள்வதால், சாலையில் செல்லும் ரப்பர்ச் சக்கரத்தைவிடப் பல மடங்கு குறைந்த தடையே அதற்கு உண்டு.

தனிமனிதரும் செய்யத்தக்கவை சில உள. டயரில் காற்று குறைந்திருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ரப்பர் நசுங்கி மீண்டு சக்தியை விழுங்கும். ஆதலின் காற்றழுத்தத்தைத் தவறாது பார்த்துக்கொள்க. தேய்ந்த டயரை மழைக்காலத்திற்கு முன் மாற்றுக. சிவப்பு விளக்கைத் தொலைவிலேயே கண்டு முடுக்கியை விடுபவர், கடைசி நொடியில் தடையை மிதிப்பவரைவிடக் குறைந்த எண்ணெயில் அதே நேரத்தில் அவ்விளக்கை அடைகிறார். ஈரச் சாலையில் வேகத்தைக் குறைப்பவருக்குப் பயணத்தில் ஆகும் தாமதம் சில நிமிஷங்களே. அச்சில் மை குறைந்தால் மாட்டின் உடல் அறியும், இறக்கத்தில் கியரை விட்டால் தடையின் இரும்பு அறியும். அவை அறியும் முன்னர் வண்டியைச் செலுத்துவோர் அறிந்திருத்தல் நலம்.